பெட்டியில் இல்லாத முப்பத்தொன்று

கண்ணு, உன் சினிமா அட்டைகள் இருக்கும் பெட்டியை அனுப்பச் சொல்லி நீ எழுதி இரண்டு மாதமாகிறது. நடுவில் இரண்டு முறை கேட்டும் விட்டாய். முதல் தடவை, மழையில் மலைப்பாதை அடைத்துக் கிடக்கிறது என்று எழுதினேன். அடுத்த தடவை, பெட்டிக்குச் சாக்குத்துணி உறை தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். இரண்டும் பொய். பாதை ஒரு நாள்தான் அடைத்திருந்தது. உறை அரை மணி நேர வேலை. உண்மை என்னவென்றால், உன் நூற்று நாற்பத்திரண்டு அட்டைகளில் முப்பத்தொன்று இப்போது இல்லை. நான்தான் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். தவறுதலாக எரித்துவிட்டேன் என்று எழுதி, அந்த ஒரு சொல்லோடு இந்தக் கடிதத்தை முடித்திருக்கலாம். அப்படி முடித்த ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்கினேன். தவறுதல் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றும் இருந்தது. அதையும் சொன்னால்தான் நீ என்னை மன்னிக்கவோ மன்னிக்காமல் இருக்கவோ முடியும்.

பத்து வயதில் நீ அந்த அட்டைகளை எழுத ஆரம்பித்தாய். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், சட்டை வாங்கிய டப்பாவின் மூடி, எது கிடைத்தாலும் ஒரே அளவாக நறுக்கி, ஒரு படத்துக்கு ஓர் அட்டை. மேலே இடது மூலையில் வரிசை எண். பிறகு படத்தின் பெயர், எந்த ஊர், எந்த நாள், யாரோடு. கீழே ஒரே ஒரு வரி. தேயிலை எஸ்டேட் மைதானத்தில் மாதம் ஒருமுறை வெள்ளைத் துணி கட்டிக் காட்டியவை, டவுன் கொட்டகையில் பார்த்தவை, லீவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் போகும்போது உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் இறங்கிப் பார்த்தவை, எல்லாம். பிஸ்கட் தகரப்பெட்டியில் அதை அடுக்கி, எண்ணைச் சொன்னால் எடுத்துக் காட்டுவாய். நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. என் மடியில் எப்போதும் ஒரு புத்தகம் இருந்தது. படிக்கிற அம்மா என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். படித்துக்கொண்டிருந்ததால் உன்னைப் பார்க்காமல் இருந்த நேரங்களை நீ யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் மாதம் உன் கடிதம் வந்தது. 'அறையில் நான்கு பேர், டிரங்குப் பெட்டி வைக்கவே இடமில்லை, ஆனாலும் அட்டைப் பெட்டியை மட்டும் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தாய். இடமில்லை என்றால் தேவையானதை மட்டும் பொறுக்கி அனுப்புவோம் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். வெளியே விடாத மழை. பெட்டியைக் கவிழ்த்து, உன் அட்டைகளை முதல்முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன். என் பையை, என் நோட்டை யாராவது தொட்டால் எனக்கு எப்படிக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். நீ எட்டு வயதில் என் டைரியைத் திறந்தாய் என்று ஒருநாள் முழுக்க உன்னிடம் பேசாமல் இருந்தவள் நான். அந்த நான்தான் கேட்காமல் படித்தேன். அட்டைகளின் வலது மூலையில் சிறு குறிகள் இருந்தன. சிலவற்றில் சாய்வாக ஒற்றைக் கோடு. சிலவற்றில் குறுக்கே இரண்டு கோடுகள், பெருக்கல் குறி.

பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பெருக்கல் குறி என்றால் வேறு என்ன அர்த்தம்? பதினைந்து வருடமாகத் தப்பான கணக்குக்கெல்லாம் சிவப்பு மையில் அதைத்தான் போடுகிறேன். சாய்ந்த கோட்டை, சரி என்று போடும் குறியின் அவசர வடிவம் என்று எடுத்துக்கொண்டேன். ஆக, கோடு போட்டவை நீ வைத்துக்கொள்ள விரும்பியவை. பெருக்கல் போட்டவை நீ அடித்துவிட்டவை. அவற்றைத் தனியாக எடுத்தேன். எடுக்க எடுக்க ஒன்று கண்ணில் பட்டது. பெருக்கல் போட்டவற்றில் இரண்டு மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் 'அப்பாவோடு' என்று இருந்தது. 'அம்மாவோடு' என்று இருந்தவை மூன்றே மூன்று. மூன்றிலும் ஒற்றைக் கோடு.

இங்கேதான் நான் எழுதத் தயங்குவது வருகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா நம்மை விட்டுப் போய் ஐந்து வருடத்தில் நீ அவரைப் பற்றி என் எதிரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பெயர் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாய். இவனும் என்னைப்போல அவரை அடித்துவிட்டான், சொல்லாமல் அட்டையில் அடித்துவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் தனியாக இல்லை என்று நினைத்தேன். உனக்கு ஒரு கார்டு எழுதி, 'இந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று உள்ளே ஏதோ ஒன்றுக்குப் பயம் இருந்திருக்க வேண்டும். விறகு நனைந்து புகைந்துகொண்டிருந்தது. அட்டைகள் நன்றாகப் பற்றிக்கொண்டன. அந்த வெந்நீரில் தலைக்குக் குளித்தேன்.

நாலாம் நாள் பேச்சியம்மா வந்தாள். நமக்குக் கீழே தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு. நீ நடக்கப் பழகியது அவள் வாசலில். பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தேன். அடித்தகரத்தோடு ஈரத்தில் ஒட்டிக்கிடந்த ஓர் அட்டையை அவள் நகத்தால் நெம்பி எடுத்தாள். நான் கவனிக்காமல் விட்ட பெருக்கல் அட்டை.

“பரவால்லையே, இந்தப் படத்த ஒங்க மகன் முழுசாப் பாத்திருக்கான்!” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்? நீயும் போயிருந்தியா?”

“நான் எங்கிட்டுப் போனேன். அதான் பெருக்கல் போட்டிருக்கானே. காலைல மஸ்டர்ல பேரு கூப்புடும்போது ஒரு கோடு, சாயங்காலம் கொழுந்து எடை நிறுத்தப்பொறவு மறு கோடு. ரெண்டும் விழுந்தாத்தான் முழு நாளு. ஒத்தக் கோட்டோட நின்னா அரை நாளு. அந்த மறு கோட்டுக்காக ஒங்க வீட்டுக்காரக கூட நான் போடாத சண்டையா? செக்ரோல் எழுதுனவுக பொஞ்சாதி, இம்புட்டுப் புஸ்தகம் படிக்கீக, இது தெரியாதாக்கும்!”

அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் டீச்சர், மொகம் இப்பிடிப் போச்சு?” என்றாள்.

கண்ணு, எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் உன் அப்பா அந்த நீளச் செக்ரோல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்து போனார். சாப்பிடும்போது ஜன்னலில் வைப்பார். ஒருநாளாவது நான் அதைத் திறந்து பார்த்திருந்தால் உன் அட்டைகள் இப்போது உன் அறையில் இருந்திருக்கும். என் புத்தகம் புத்தகம், அவருடையது வெறும் ஆஜர்ப் பட்டியல் என்று இருந்தேன். உனக்கும் நாளைக்கு ஒருத்தி வருவாள். அவள் கையில் எந்த நோட்டு இருந்தாலும், பால்கணக்கு நோட்டாகவே இருந்தாலும், ஒருமுறை வாங்கிப் பார். புரியாவிட்டால் கேள். இதைவிடப் பெரிய புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

அன்று சாயங்காலம் மிச்ச அட்டைகளை மறுபடி எடுத்தேன். என்னோடு பார்த்த மூன்றையும் முதலில் தேடினேன். ஒன்றின் கீழே, 'அம்மாவுக்குத் தலைவலி, இடைவேளையில் வந்துவிட்டோம்' என்று இருந்தது. இன்னொன்றில், 'அம்மாவுக்குப் படம் பிடிக்கவில்லை.' மூன்றாவதில், 'முடிவை அப்பாவிடம் கேட்க வேண்டும்.' சரி என்று நீ எனக்குப் போட்ட குறி என நினைத்திருந்தேனே, அவை மூன்றும் நான் பாதியில் எழுந்து உன்னையும் எழுப்பிக்கொண்டு வந்த நாட்கள்.

எரிந்ததை மீட்க முடியுமா என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். எண்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று. மிச்ச அட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்பினேன். எங்கே எண் தாண்டுகிறதோ அங்கே ஒரு வெற்று அட்டை. நாற்பத்தாறு சித்திரை லீவில் உடுமலை, நாற்பத்தெட்டு பள்ளி திறந்த பிறகு எஸ்டேட் மைதானம் என்றால், நடுவே காணாமல் போன நாற்பத்தேழு அந்த லீவில் ஊருக்குப் போன இடத்தில் பார்த்ததாக இருக்க வேண்டும். இப்படி முப்பத்தொன்றுக்கும் உத்தேசமாக மாதம் கண்டுபிடித்தேன். பெயர்தான் வரவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தானே எரித்தேன்! பத்து வருடத்துக்கு முன் படித்த நாவலில் எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று சொல்லும் எனக்கு, நாலு நாளைக்கு முன் உன் கையெழுத்தில் படித்த ஒரு பெயர்கூட ஞாபகமில்லை. 'அப்பாவோடு' என்ற ஒரு சொல்லைத்தான் முப்பது தடவை படித்திருக்கிறேன். பேச்சியம்மா மைதானத்தில் பார்த்த இரண்டைச் சொன்னாள்; ஒன்று அவள் சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்த மாதம், இன்னொன்று காலில் அட்டைப்பூச்சி கடித்து நீ துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து அழுத நாள். மீதியைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அதை அவள் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வேற ஆருகிட்ட கேக்கணும்னு ஒங்களுக்கே தெரியும்” என்று மட்டும் சொல்லிப் போனாள்.

போவதற்கு எனக்கு ஒரு மாதமானது. ஜூலைக் கடைசியில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உடுமலை பஸ் ஏறினேன். உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் மாறி, அப்பாவின் ஊரான முதலமடையில் இறங்கினேன். மலையில் அவ்வளவு மழை. அங்கே புழுதிக் காற்று. மாங்காய் எல்லாம் முடிந்து லாரிகள் போய்விட்டன. உன் பெரியப்பாவின் தோப்பில் அப்பா ஒரு மரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டுக்கொண்டிருந்தார். முடி பாதிக்குமேல் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. தலைத்துண்டை மட்டும் அவிழ்த்தார்.

“வா. ஒத்தையாவா வந்தே?”

“ஆமாங்க.”

“பையன்?”

“நல்லாருக்கானுங்க. கோயமுத்தூர்ல ஒர்க்ஷாப்புல வேலைங்க.”

“தெரியும். பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு மணி நேரத்துல போயிறலாம். கூப்புடாம எப்புடிப் போறது?”

மர நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், சந்தோஷப்பட்டதை மட்டும் விட்டுவிட்டு. பெருக்கல் குறி என்று சொன்னதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். “தப்புன்னு நெனச்சுட்டயா? வாத்தியாரம்மா! ஊரு சனம் முழுக்க வேலைக்கு வந்த நாளயெல்லாம் நீ தப்புன்னு அடிச்சிருப்பயாட்ட இருக்குது!” பிறகு சட்டென்று நின்று, “எத்தன போச்சு?” என்றார். முப்பத்தொன்று என்றேன். துண்டால் கையைத் துடைத்தார். “சரி, எழுது” என்றார்.

வெற்று அட்டைகளை எடுத்து வைத்தேன். நான் மாதத்தைச் சொல்வேன்; அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். படத்தின் பெயர் அவருக்கும் முதலில் வராது. எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதுதான் முதலில் வரும். “அது பொள்ளாச்சில. தூணுக்குப் பொறகால எடம். ஒரு பக்கம் அவன் எட்டிப் பாப்பான், ஒரு பக்கம் நான் எட்டிப் பாப்பேன். வில்லன் எம்பக்கம் வந்தா அவனுக்குச் சொல்லோணும். ரெண்டு பேரு சேந்து ஒரு படம் பாத்தோம் போ.” இன்னொன்றுக்கு, “அதுல பாதில கரண்டு போயிருச்சு. சனமெல்லாம் வைதுபோட்டு எந்திரிச்சுப் போயிருச்சுங்க. இவன் வரவே மாட்டேன்னுட்டான். கடைசிக்கு எங்க ரெண்டு பேருக்காக ஓட்டினாங்க. ஆப்பரேட்டர் எறங்கி வந்து, தம்பி, நீதாண்டா மொதலாளின்னான்.” இப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது பெயர் தானாக வந்து விழும். சிலதுக்குப் பாட்டின் ராகத்தை முனகிப் பார்த்துப் பெயரைப் பிடித்தார். எனக்குத் தெரிந்த பதினாறு வருடத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

என் எழுத்தைப் பார்த்து, “இதென்ன, கரும்பலகைல எழுதறாப்பல இத்தன பெருசா? அவன் எறும்பாட்ட எழுதுவான்” என்றார். சின்னதாக எழுதினேன். சாயங்காலத்துக்குள் இருபத்துநாலு அட்டை ஆயிற்று. பேச்சியம்மாவின் இரண்டோடு இருபத்தாறு. ஐந்து அவருக்கும் வரவில்லை. அவற்றில் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். நீ எழுதிய அந்தக் கடைசி வரி எதிலும் இல்லை. அதை யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கான இடத்தைக் காலியாக விட்டேன்.

வலது மூலையில் குறி போட வேண்டியிருந்தது. அது என் வேலை அல்ல என்று பட்டதால் பென்சிலை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எடவேள விட்டதும் அவன் ஒரு கோடு போடுவான். படம் முடிஞ்சு வெளிய வந்ததும் பென்சில எங்கிட்டக் குடுப்பான். மறு கோடு நான் போடறது. மொதக் கோடு இல்லாம நான் எதுமேல போடறது?”

எரித்தவற்றில் 'அப்பாவோடு' என்றிருந்த ஒவ்வொரு அட்டையின் குறியிலும் ஒரு கோடு அவருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டுக் கேட்டார்:

“நான் கூப்புட்டத அவங்கிட்டச் சொன்னயா?”

“இல்லீங்க.”

“ஒருக்காகூடவா?”

காலி டம்ளரை அவரிடம் நீட்டினேன். “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஊடு கட்டி முடிச்சு, பையனுக்குன்னு ஒரு ரூம்பு விட்டேன். வரவே இல்லையேன்னு பாத்தேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எருவைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ பேசுகிற குரலில் சொன்னார். பிறகு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா” என்று முன்னால் நடந்தார்.

இதுதான் நான் உனக்கு எழுத வேண்டியது, கண்ணு. அட்டைகளை எரித்தது இதற்கு அடுத்தபடிதான். உனக்குப் பதினைந்து வயதில் அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அந்த வார்த்தைகளையே சொன்னேன், ஞாபகம் இருக்கும். அவர் நம்மை விட்டுப் போகவில்லை. பெரியப்பாவுக்குக் கால் முறிந்து தோப்பைப் பார்க்க ஆளில்லாமல் போனபோது, மூன்று பேரும் போய்விடலாம் என்றார். எனக்கு என் வேலை இங்கே, என் பள்ளிக்கூடம் இங்கே; கூட்டுக் குடும்பத்தில் போய்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார முடியாது என்றேன். அவர் தனியாகப் போன பிறகும் இரண்டு முறை வந்தார். நீ பள்ளிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். போக மறுத்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. அது என் உரிமை என்றுதான் நினைக்கிறேன். உன்னிடமிருந்து மறைத்தது என் உரிமை இல்லை. நீ அவரைப் பற்றிப் பேசாமல் இருந்தது வெறுப்பால் அல்ல, என் முகம் வாடும் என்பதால் என்று இப்போது புரிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை எனக்காக வாயை மூடிக்கொண்டான். நான் அதைச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை உனக்கு அனுப்பப்போவதில்லை. நூற்றுப் பதினொரு பழைய அட்டைகளும் என் கையெழுத்தில் முப்பத்தொன்றும் அப்பாவிடம் இருக்கின்றன. நீ வருவாய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை; உன் சார்பில் வாக்குக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி வந்தால் முதலமடைக்கு பஸ் அடிக்கடி இருக்கிறது. இறங்கி, பெரியப்பா பெயரைச் சொன்னால் தோப்பைக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு என்னோடு பேச வேண்டுமா, இந்த வீட்டுக்கு வர வேண்டுமா என்பதை நீ மெதுவாக யோசித்துக்கொள். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் உனக்கும் சேர்த்து நானே பதில் சொன்னேன். உன்னை ஒருமுறையும் கேட்கவில்லை. ஐந்து வருடம் தாமதமாக இப்போது கேட்கிறேன்: அப்பாவிடம் போக உனக்கு விருப்பமா?

அம்மா